டப்பாவின் முன்கண்ணாடி

அந்தக் காருக்கு டப்பா என்று பெயர் வைத்தது யாரென்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. காருக்கு வைத்த பெயர் கொஞ்ச நாளில் அதை ஓட்டுகிறவர் மேலும் ஒட்டிக்கொண்டது. தெருவுக்குள் நுழைந்து அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எல்லாரும் உதட்டைப் பிதுக்குவார்கள். டப்பாக்காரர் என்றால் சின்னக் குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் வாசலில் விடும். அவர் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. கூப்பிட்ட நேரத்துக்கு வண்டி போய் நின்றால் சரி, என்ன பெயரில் கூப்பிட்டால் என்ன என்பது அவர் கட்சி.

வண்டி சின்னது, வயதுதான் பெரியது. இன்ஜினைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். சாவியைத் திருப்பினால் முனகாமல் எழுந்துகொள்ளும். வியாதியெல்லாம் கண்ணாடிகளில்தான். அவர் பக்கத்து ஜன்னல் கண்ணாடி பள்ளத்தில் இறங்கி ஏறினால் தானாகவே கதவுக்குள் சரிந்துவிடும். அதைத் தூக்கிப் பிடிக்கிற கம்பி தேய்ந்து வெகுநாளாயிற்று. பழைய ரப்பர் செருப்பை ஆப்பு மாதிரி வெட்டி இடுக்கில் செருகியிருந்தார். பின் ஜன்னலில் ஒன்று இறங்கவே இறங்காது. இன்னொன்று இறங்கினால் ஏறாது. இரண்டு உள்ளங்கைகளையும் உள்ளும் வெளியுமாக வைத்து அழுத்தி மேலே தள்ள வேண்டும். இதெல்லாம்கூடச் சில்லறை. முன்கண்ணாடிதான் பெரிய நோயாளி. அதைச் சுற்றியிருந்த ரப்பர் காய்ந்து வெடித்துவிட்டதால் மழைநீர் மேல் மூலையில் கசிந்து, உள்ளே வழிந்து, கால்மிதி விரிப்புக்கு அடியில் போய்த் தங்கிவிடும். விரிப்பு காய்ந்த நாளே கிடையாது. அந்த ஈரம் விடிகாலைக் குளிரில் கண்ணாடியின் உட்புறம் முழுக்க மூட்டமாகப் படியும். வைப்பரின் ரப்பர் தேய்ந்து வெறும் தகரம் உரசியதில் வில் மாதிரி ஒரு கீறல் வேறு. கீழ் ஓரத்தில், என்றோ கல் தெறித்த இடத்தில், ஒரு விரிசல் மெல்ல மெல்ல நீண்டுகொண்டிருந்தது.

ஒவ்வொன்றுக்கும் அவரிடம் கைவைத்தியம் இருந்தது. மூட்டம் படியாமலிருக்க உள்பக்கம் சோப்பைத் தடவிக் காயவிட்டுத் துடைப்பார். மழைத்துளி நிற்காமல் வழிய வெளிப்பக்கம் உருளைக்கிழங்கை நறுக்கித் தேய்ப்பார். ஈரத்தை இழுக்கட்டும் என்று பழைய காலுறைக்குள் உப்பைக் கொட்டி முடிந்து ஸ்டீயரிங்குக்கு முன்னால் போட்டு வைப்பார். மடியில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி. சமையலறையில் உருளைக்கிழங்கு காணாமல்போகும் போதெல்லாம், இந்தக் கண்ணாடியைத் துடைத்த துடைப்புக்கு என்னைத் துடைத்திருந்தால் இன்றைக்கு நான் பளபளவென்று இருந்திருப்பேன் என்பாள் அவர் மனைவி. அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு கிழங்கை எடுத்துக்கொண்டு போவார்.

சிறுநீரகம் கெட்டுப்போய், ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரி இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டியவர்களை ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் அவர் தொழில். விடிவதற்கு முன்னால் முதல் ஆளை ஏற்ற வேண்டும். ஊசி குத்திய கையோடு, துவண்டுபோய்த் திரும்புகிறவர்களுக்குக் குலுங்கல் ஆகாது. டப்பாக்காரர் பிரேக் போட்டால் வண்டி நின்றதே தெரியாது என்று நோயாளிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போது மனுஷர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

நிமிர்வதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முன்னால் வேலை பார்த்த ஆலையை மூடியபோது, மறு வேலை கிடைக்காமல் வெகுகாலம் வீட்டில் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் அவர். அந்த நாட்களில் வாசலில் வந்து அவரைக் கேட்டவர் யாருமில்லை. சொந்த மச்சான்கூட அக்காவிடம் பேசிவிட்டு, இவர் பக்கம் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவான். டப்பா வந்த பிறகுதான் அவர் மறுபடி ஆளானார். ஸ்டீயரிங்கை விட்டால் மறுபடி அதே நாற்காலி. உலகத்தில் அவர் பயந்தது அந்த நாற்காலி ஒன்றுக்குத்தான்.

இல்லை, இன்னொன்றுக்கும் பயந்தார். அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தவர். தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டவர். வயசானால் அப்படித்தான் என்று வீட்டில் சொல்லி மூடிவிட்டார்கள். டப்பாக்காரர் அதை நினைப்பதே இல்லை. நினைக்காமலிருப்பதற்கு நிறையப் பாடுபட வேண்டியிருந்தது.

முதலில் தொந்தரவு கொடுத்தது எதிர்வண்டி வெளிச்சம். சாயங்காலம் திரும்பும்போது ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் வட்டம் வட்டமாக ஒளி பரவி, நடுவில் சாலையே கரைந்துபோயிற்று. வைப்பர் கீறலில் வெளிச்சம் பட்டுச் சிதறுகிறது என்று முடிவுகட்டி, கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றினார். வட்டம் போகவில்லை. வைப்பரை மாற்றினார். அப்புறம் எதைப் பார்த்தாலும் ஒரு மெல்லிய புகைக்கு அந்தப் பக்கம் இருந்தது. கசிவுதான், ஈரம்தான் என்று விரிப்பைக் கழற்றி வெயிலில் போட்டார். நடைபாதை ஓரத்திலிருந்து ஆட்கள் திடீர் திடீரென்று முளைக்க ஆரம்பித்தார்கள். இந்தக் காலத்து ஜனங்களுக்கு நடக்கவே தெரியவில்லை என்று திட்டினார். கண்ணாடிக்கு ஓரத்தில் வண்டிக் கூரையைத் தாங்குகிற கம்பத்தையும், ஆளை மறைக்கிறது என்று திட்டினார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழியை இவருக்கு அப்படியே சொல்லிவிட முடியாது. கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்ததுதான் இவருக்கு வந்த வினை. நல்ல வண்டி வைத்திருப்பவன் மங்கலாகத் தெரிந்தால் டாக்டரிடம் போவான். இவருக்கோ எந்த மங்கலுக்கும் வண்டியில் ஒரு காரணம் தயாராக இருந்தது. கீறல் இருந்தது, கசிவு இருந்தது, மூட்டம் இருந்தது. ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது பழியை வாங்கிக்கொண்டது.

மனைவி ஒருமுறை கேட்டாள். தேநீர்க் கோப்பையை அவர் கைக்கு நீட்டினாள். அவர் கை கோப்பைக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்தது. கண் டாக்டரைப் பார்க்கலாமா என்றாள் மெதுவாக. அவர் எரிந்து விழுந்தார். வீட்டுக்குள் பல்பு மங்கல் என்றார். அவளுக்கும் அந்த நாற்காலி நாட்கள் ஞாபகத்தில் இருந்தன. மறுநாள் பல்பை மாற்றினாள், அவ்வளவுதான்.

அவர் வண்டியில் முன் இருக்கைக்காரர் ஒருவர் இருந்தார், ஓய்வுபெற்ற டீச்சர். பின்னால் உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது என்று எப்போதும் முன்னாலேயே உட்காருவார். போகும்போது வாய் ஓயாது. "தம்பி, சைக்கிள் வருது பாருங்க." "தம்பி, அந்த அம்மா கடக்கப் போறாங்க." பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மேய்த்த பழக்கம், ரிட்டயரானாலும் விடவில்லை என்று டப்பாக்காரர் மனதுக்குள் சிரித்துக்கொள்வார். டீச்சர் சொன்னதும் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். இப்படியே பல மாதம் ஓடியது. குளிர் காலம் பிறந்தபோது ஒருநாள் இயந்திரத்தில் படுத்திருந்தபடியே டீச்சர் போய்விட்டார். டப்பாக்காரர் அழுதார். அந்த இருக்கையில் வேறு யாரையும் உட்காரவைக்க மனம் வரவில்லை. டீச்சரோடு சேர்ந்து தனக்கு என்ன போயிற்று என்று அவர் அப்போது யோசிக்கவில்லை.

அடுத்த வாரமே அது நடந்தது. விடிகிற நேரம், தூறல். முதல் நோயாளியை ஏற்றத் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். கண்ணாடியில் வழக்கம்போல மூட்டம். மஞ்சள் துணியால் நடுவில் ஒரு வட்டம் துடைத்துக்கொண்டு அதன் வழியே பார்த்து ஓட்டினார். ஓரத்தில் எதுவோ மோதியது. குப்பைத்தொட்டி என்று நினைத்தார். இறங்கிப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது நீளக் கைப்பிடி போட்ட துடைப்பம். அதற்கு அப்பால் தெருக்கூட்டுகிற பெண், கால் ஒன்று கூடாத திசையில் மடங்கியிருக்க, சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அவள் போட்டிருந்த மின்னும் மேல்சட்டை வண்டியின் விளக்கில் பளிச்சென்று மின்னியது.

போலீஸ்காரர் வந்து வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். நனைந்த விரிப்பு, உப்பு மூட்டை, செருப்பு ஆப்பு எல்லாவற்றையும் பார்த்தார். மூட்டத்தில் விரலால் ஒரு கோடு போட்டார். மின்னுகிற சட்டைகூடத் தெரியாத அளவுக்கு மூடியிருக்கிறதே, இதில் எப்படி ஓட்டினாய் என்று கேட்டார். டப்பாக்காரர் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆமாம், கண்ணாடிதான் என்றார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது இதுதான். வழக்கு எழுதினார்கள். கண்ணாடியை மாற்றிக் காட்டும் வரை வண்டி சாலைக்கு வரக்கூடாது என்றார்கள். தெருவும் அதையே சொன்னது. பாவம், அந்த ஓட்டை வண்டி நல்ல மனுஷனை மாட்டிவிட்டதே என்று.

எலும்புப் பிரிவில் அவளைப் போய்ப் பார்த்தார். முழங்கால் நொறுங்கிவிட்டது, ஒட்டினாலும் மடங்காது, இனித் தெருவில் நின்று கூட்ட முடியாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அவர் வாங்கிப்போன பழப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறியபோது அவளே கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"கண்ணாடி மூடிக்கிட்டா நீங்க என்னண்ணே பண்ணுவீங்க?" என்றாள். "வேணும்னா வந்து இடிச்சீங்க?"

அந்த ஒரு பேச்சு போதுமாயிருந்தது. அன்றைக்கு வீடு திரும்பியதும் அவர் ரொம்ப நாளைக்குப் பிறகு அடித்துப் போட்டாற்போலத் தூங்கினார். எழுந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடிக்காரரைப் பார்க்கக் கிளம்பினார். முழுசாக மாற்றிவிட வேண்டும், ரப்பரும் புதிது, கண்ணாடியும் புதிது. இந்தச் சனியனை இன்றோடு தலைமுழுகுவது என்று தீர்மானம். போலீஸ் தடையை மதித்து வண்டியைக் கயிறு கட்டி இழுத்தே கொண்டுபோனார்.

கண்ணாடிக்காரர் பட்டறை ஒரு நீண்ட கொட்டகை. மூன்று பக்கமும் தகரம், தெருப்பக்கம் மட்டும் திறப்பு. வண்டியைத் தெருவைப் பார்த்து நிறுத்தி, இதைக் கழற்றவே நேரமாகும், எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார். இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் முன்கண்ணாடியை ரப்பருக்குள் செருகி உட்கார வைப்பார்கள். ரப்பரின் உதட்டுக்குள் ஒரு கயிற்றைச் சுற்றிவைத்து, சோப்புத் தண்ணீர் பூசி, வெளியிலிருந்து ஒருவர் கண்ணாடியை அழுத்த, உள்ளிருந்து ஒருவர் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவ வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. அன்றைக்குக் கண்ணாடிக்காரருக்குத் துணையாள் இல்லை. வந்ததும் உள்ளே ஏறி உட்காருங்கள், கயிறு நீங்கள்தான் இழுக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்.

டீ குடித்துவிட்டு வந்த டப்பாக்காரர் அதன்படியே பின்பக்கமாக வந்து ஏறி உட்கார்ந்தார். கண்ணாடிக்காரர் எங்கோ சுவரோரம் குனிந்து சோப்பைக் கரைத்துக்கொண்டிருந்தார். கொட்டகைக்குள் காற்று அசையவில்லை. டப்பாக்காரர் நேரே பார்த்தார். தெரு தெரிந்தது. எதிர்க்கடை தெரிந்தது. கடையில் எரிந்த விளக்கைச் சுற்றி ஒரு வட்டம். எல்லாவற்றின் மேலும் அதே புகை.

அவருக்கு ஆத்திரமாக வந்தது. "இதுவும் மங்கலாத்தானேய்யா இருக்கு!" என்றார் உரக்க. "என்ன கண்ணாடிய எடுத்து வச்சிருக்கே? வேற மாத்திக் குடு."

சொல்லிக்கொண்டே, இத்தனை வருஷப் பழக்கத்தில், மடியிலிருந்த மஞ்சள் துணியை எடுத்துத் துடைக்கப் போனார். கை போய்க்கொண்டே இருந்தது. தடுக்க எதுவுமில்லாமல் கை வெளியே நீள, நெஞ்சு ஸ்டீயரிங்கில் இடித்தது. துணியைப் பிடித்த கை காற்றில் நின்றது.

கண்ணாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே," என்றார், "கண்ணாடிய இன்னும் மாட்டலண்ணே. சுவத்துல சாத்தி வச்சிருக்கேன்."

டப்பாக்காரர் கையை உடனே உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. விரல்களை விரித்தார், மூடினார். விரல்களும் புகைக்குள்தான் இருந்தன. அப்பா தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிற குரல் காதில் கேட்டது. பக்கத்தில் டீச்சரின் காலி இருக்கை. தம்பி, சைக்கிள், தம்பி, அந்த அம்மா. அது வாய் ஓயாத பேச்சு அல்ல என்று இப்போது புரிந்தது. டீச்சர் பார்த்துச் சொல்லச் சொல்லத்தான் இவர் ஓட்டியிருக்கிறார். டீச்சருக்குத் தெரிந்திருக்கிறது, சொல்லிக் காட்டாமல் காப்பாற்றியிருக்கிறார்.

கண்ணாடியை மாட்டினார்கள். கயிற்றை அவரேதான் உருவினார். அதற்குக் கண் வேண்டியதில்லை. ரப்பர் உதடு சீராக மேலேறி உட்கார்ந்தது. ஒரு சொட்டுக் கசியாது, அப்படியொரு பொருத்தம். முடிந்ததும் சாவியைக் கண்ணாடிக்காரர் கையில் கொடுத்து, வண்டியைப் போலீஸில் காட்டிவிட்டு மெதுவாக வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடச் சொன்னார். தான் பக்கத்தில், டீச்சர் இருக்கையில் உட்கார்ந்தார்.

கண் டாக்டரிடம் மனைவிதான் கூட்டிப்போனாள். ஆஸ்பத்திரி அதேதான், பிரிவு வேறு. இருட்டு அறையில் உட்காரவைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அவர் காத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். புள்ளிகள் வந்து வந்து போய்க்கொண்டிருந்தன என்பது அப்புறம்தான் தெரிந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு வாடிவிட்டது, ஓரப் பார்வை முழுக்கப் போய்விட்டது என்றார் டாக்டர். போனது போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம், இனி வண்டி ஓட்டவே கூடாது. மங்கல் ஆரம்பித்த உடனே வந்திருந்தால் இவ்வளவு போயிருக்காது. குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். மாமனாருக்கு இருந்தது என்று மனைவிதான் பதில் சொன்னாள்.

வெளியே வந்ததும் அவர் எலும்புப் பிரிவுக்கு வழி கேட்டார். மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கண்ணாடின்னு எழுதியிருக்காங்க. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்ங்க," என்றாள். "அவளே ஒண்ணும் சொல்லல. நீங்களா போய் ஏன் வாயைக் குடுக்கணும்?"

"அவ என்னை மன்னிக்கலடி. கண்ணாடியத்தான் மன்னிச்சா."

அவள் கையை விட்டுவிட்டாள். ஆனால் கூட வந்தாள். தனியாகப் போனால் படியில் விழுந்துவிடுவார் என்பது இப்போது இரண்டு பேருக்கும் தெரியும்.

தெருக்கூட்டுகிறவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் நீட்டியபடி கட்டுக்குள் இருந்தது. அவரைப் பார்த்ததும், வாங்கண்ணே, கண்ணாடி மாத்தியாச்சா என்று கேட்டாள். அக்கறையாகத்தான் கேட்டாள். அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மாத்தியாச்சும்மா. ஆனா தப்பு கண்ணாடி மேல இல்ல. கண்ணாடி இல்லாமலும் எனக்கு அப்படித்தான் தெரியுது. என் பார்வை போயி ரொம்ப நாளாச்சு. உள்ளுக்குள்ள எனக்குத் தெரியும்மா. ஒத்துக்காம ஓட்டிட்டேன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். அவள் தன் காலைப் பார்த்தாள், அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மின்னுற சட்டை போட்டிருந்தேனே," என்றாள்.

"ஆமாம்மா."

"கண்ணாடின்னு நெனச்சுத்தான் மனசு ஆறியிருந்துச்சு. அதையும் எடுத்துட்டீங்க."

அவர் நின்றுகொண்டே இருந்தார். அவள் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டது அவருக்குத் தெரியவில்லை. இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார்.

"நீங்க போங்க," என்றாள் அவள். அண்ணே என்று சொல்லவில்லை.